கூரையடியில் மூன்று செடிகள்

ஜெர்மனியில் கஞ்சா வளர்ப்பது இப்போது குற்றமில்லை. வயது வந்த ஒருவர் தன் வீட்டில் மூன்று செடிகள் வைத்திருக்கலாம் என்று சட்டம் வந்தபோது, அதைத் தேடி எடுத்து, அச்சடித்து, துளை போட்டு எங்கள் வீட்டு ஓர்ட்னரில் கோர்த்து வைத்தவன் நான். ஓர்ட்னர் என்பது கடிதங்கள் கோர்க்கும் தடித்த மட்டைக் கோப்பு. அகதியாக வந்த எங்கள் ஆட்கள் எவர் வீட்டுக்குப் போனாலும் அலுமாரிக்கு மேல் நாலைந்து ஓர்ட்னர் நிற்கும். விசாக் கடிதத்திலிருந்து குப்பை வாளிக் கடிதம் வரைக்கும் ஒன்றையும் எறியமாட்டோம். சட்டத்தின் அந்தப் பக்கங்களை என் குடியுரிமைப் பத்திரத்துக்கு அடுத்ததாகக் கோர்த்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொலிசுக்குப் பயந்து செய்தேன் என்று எவரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். பொலிஸ் வந்திருந்தால் ஓர்ட்னரைத் தூக்கிக் காட்டியிருப்பேன். நான் பயந்தது கீழ் வீட்டு அக்காவுக்கு.

எசன் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், கூரைக்கு நேர் கீழே இருக்கிறோம். பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். நான், மனைவி, அத்தான் என்று வீட்டில் மூன்று பேர். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். என் அக்கா காலமான பிறகு அவர் தனியாக இருக்கக் கூடாது என்று நானே பிடிவாதமாகக் கூட்டிவந்தேன். அவருடைய ஒரே மகள் பீலெஃபெல்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அங்கே அவருக்கு ஒரு கட்டில் போட இடமில்லை.

நான் பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் நின்றவர் அவர்தான். தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு இரண்டு வருடம் நிலத்தில் படுத்தார். என் அக்காவை ஊரிலிருந்து கூப்பிடுவதற்காகச் சேர்த்த காசில் எனக்குக் குளிர் உடுப்பு வாங்கித் தந்தார். தான் கோப்பை கழுவிய இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் முதலாளியிடம் கெஞ்சி எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அதே குசினியில்தான் நிற்கிறேன். இவ்வளவு செய்த மனிதர் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவருக்கு இதயம் பலவீனம். கால் வீங்காமல் இருக்க, உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றும் குளிசை காலையும் மத்தியானமும் போடுகிறார். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். சூட்டில் கவனம் என்று டொக்டர் எனக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

செடிகள் வந்த கதை சின்னது. பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்று நின்று எனக்கு வலது தோள் போய்விட்டது. கடையில் மா பிசையும் ஜெர்மன்காரர், என் வயதுதான், ஒரு நாள் தயிர்ப் பேணிகளில் மூன்று கன்றுகளைக் கொண்டுவந்து தந்தார். தோள் வலிக்கு நல்லது, நித்திரையும் வரும் என்றார். அது உண்மைதான். படுக்கப் போகுமுன் இரண்டு இழுவை இழுத்தால் தோள் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ஆனால் வலிக்காகத்தான் வளர்த்தேன் என்று எழுதினால் பாதி பொய். எனக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. நானும் அந்த மனிதரும் இடைவேளையில் குசினிப் பின்கதவடியில் நின்று செடிப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டுவோம். பேரப்பிள்ளைப் படம் காட்டுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். அவருடைய செடியைவிட என்னுடையது திடமாக இருந்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல பசி எடுக்கும்.

முதல் தடவை குளிர்காலத்தில் வளர்த்தேன். யன்னல் இல்லாத சாமான் அறையில் ஒரு கறுப்புக் கூடாரம், அதற்குள் ஒரு விளக்கு, மேலே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி, அதோடு மணத்தைப் பிடிக்கும் கரி வடிகட்டி. விளக்கின் சூடு வீட்டுக்கு இதமாக இருந்தது. மணமும் வெளியே வரவில்லை. எல்லாம் இவ்வளவு சுலபமா என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அடுத்த தடவை கோடைகாலம் என்று ஒன்று வரும் என்பதை யோசிக்காமல் வசந்தத்தில் தொடங்கினேன். செடிகள் பூக்கத் தொடங்கியபோது ஜூலை.

கூரைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு ஜூலை என்றால் என்னவென்று தெரியும். பகலில் ஓடு குடித்த வெயிலை இரவில் எங்கள் தலையில்தான் இறக்கும். ஊர் வெயிலைக் கண்ட எங்களுக்கு இதெல்லாம் என்ன என்று வந்த புதிதில் சிரித்திருக்கிறேன். ஊரில் வீட்டுக்குள் காற்று ஓடும். இங்கே வீடுகளைக் குளிரை வெளியே வைப்பதற்காகக் கட்டுகிறார்கள். சூடு உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. அதனால் இந்த ஊரில் எல்லோரும் ஒரே ஒழுங்குதான். வெயில் ஏறுமுன் யன்னலையும் மறைப்பையும் மூடுவார்கள். இருட்டிய பிறகு எல்லாவற்றையும் விரியத் திறந்து விடியும்வரை காற்றை ஓடவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் வருடா வருடம் அப்படித்தான்.

அந்த ஜூலையில் கூடாரத்துக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டியது. இலைகளின் ஓரம், பொரிக்கும்போது அப்பளம் வளைவதுபோல மேலே சுருண்டது. பூக்கும் நேரத்தில் சூடு ஏறினால் பூ இறுகாது, எல்லாம் வீண் என்று மா பிசைகிறவர் பயம் காட்டினார். பகலில் விளக்கை அணைத்துவிட்டு இரவில் எரியவிடு என்றார். செய்தேன். தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து உள்ளே வை என்றார். அதையும் செய்தேன். மீன் வைக்க இடமில்லாமல் குளிர்ப்பெட்டி முழுக்கப் போத்தல். அப்படியும் சூடு இறங்கவில்லை.

“வடிகட்டியைக் கழற்று,” என்றார். “அதுதான் காற்றை மறிக்குது. குழாயை யன்னலால் வெளியே விடு, சூடெல்லாம் போய்விடும்.”

வடிகட்டியைக் கழற்றினேன். காற்று இரண்டு மடங்கு வேகத்தில் போனது. ஆனால் குழாயை யன்னலால் விட என்னால் முடியவில்லை. எங்கள் யன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்தவை. நேர் கீழே மூன்றாம் மாடியில் அந்தக் கீழ் வீட்டு அக்காவின் பல்கனி. யாழ்ப்பாணத்து மனிசி, நல்ல மனம், ஆனால் ஒரு செய்தி அவர் காதில் விழுந்தால் பின்னேரத்துக்குள் எசன், பீலெஃபெல்ட், பேர்லின் எல்லாம் போய்விடும். பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுவந்து விடுகிற பெற்றோருக்கு ‘போதைப் பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு கதையுங்கோ’ என்று மேடையில் நின்று பேசியவன் நான். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் அக்காவும் ஒருவர். சட்டம் ஆயிரம் சொல்லட்டும். எங்கள் ஆட்களுக்குக் கஞ்சா கஞ்சாதான்.

அதனால் குழாயை வீட்டுக்குள்ளேயே விட்டேன். சாமான் அறைக் கதவுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றி, அதனூடாக அலுமினியக் குழாயை வெளியே எடுத்து, அறைகளுக்கு நடுவே போகிற நடையின் கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். இரவு முழுக்க எரிகிற விளக்கின் சூடும் செடிகளின் வெக்கையும் அந்தக் குழாயால் நடைக்கு வந்தன. நடையின் முடிவில் அத்தானின் அறை.

மணமும் வந்தது. பூத்த கஞ்சாவின் மணத்தை அறியாதவர்களுக்கு என்னவென்று சொல்வது, வாடகை வீட்டில் மறைக்க ஏலாத மணம். அதனால் யன்னல்களைத் திறக்க விடவில்லை. இரவிலும் விடவில்லை. நுளம்பு வருகுது அத்தான், முற்றத்தில குப்பை மணக்குது அத்தான் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம். அதோடு பொழுது படுகிற நேரத்தில் சாம்பிராணி. தமிழ்க் கடையில் கிண்ணம் கிண்ணமாக விற்கிற சாம்பிராணியைப் பெட்டி பெட்டியாக வாங்கினேன். வீட்டு வாசலில் இரண்டு, நடையில் ஒன்று. வெள்ளிக்கிழமைகூட விளக்கு வைக்கப் பஞ்சிப்படுகிற நான் அந்த மாதம் முழுக்க ஒரு நாள் தவறாமல் தூபம் காட்டினேன்.

ஒரு நாள் படியில் அக்கா என்னை மறித்தார்.

“தம்பி, உங்கட வாசலைக் கடந்து போறதே கோயிலுக்குப் போற மாதிரி இருக்குது. இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்யினம்!”

“ஏதோ எங்களால ஏலுமானது அக்கா,” என்றேன்.

அந்த வாரமே கோயிலில் என்னைத் திருவிழாக் குழுவில் போட்டார்கள். அக்கா சொல்லித்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் வெட்கம். பொய்யாகக் கிடைத்த மரியாதை என்று தெரிந்தும், கூட்டத்தில் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டபோது நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

அத்தானிடம் செடிகளைப் பற்றி நான் சொன்னது, மிளகாய்க் கண்டு. இளவயதில் ஆறேழு வருடம் மிளகாய்த் தோட்டம் செய்த மனிதரிடம் போய் இதைச் சொன்னேன். என் மூளையை என்னவென்று சொல்ல. அவர் கூடாரத்துக்குள் தலையை விட்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“நல்ல இனம் போல,” என்றார். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்து, “வெயில் ஏறினாப் பிறகு தண்ணி விடாத தம்பி. வேர் அவிஞ்சு போகும். விடியவே விடு,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மனைவிக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஜூலையில் அவள் தங்கையின் மகளின் கல்யாணத்துக்குக் கனடா போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று, “இஞ்சேருங்கோ, ஒண்டில் உதுகளை வெட்டி எறியுங்கோ, இல்லாட்டி யன்னலைத் திறவுங்கோ. அந்த மனிசன் வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டார்,” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். ஓமோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

இரண்டாவது வெக்கை அலை வந்தபோது கடைகளில் மின்விசிறி முடிந்துவிட்டது. மூன்று கடை ஏறி இறங்கினேன், வெறும் தட்டுகள். கூடாரத்துக்குள் காற்று அடிக்காமல் நடுச்செடி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அத்தானின் அறையில் ஒரு மேசை விசிறி இருந்தது. மனைவி அவருக்கென்று வாங்கிக் கொடுத்தது. அவர் கட்டிலில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரை நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

“அத்தான், இதை ஒருக்கா எடுக்கட்டே? ஒரு நாளைக்குத்தான்.”

“எடு எடு. எனக்கு இது சத்தம்,” என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் என்பது ஐந்து நாளாகியது. செடி நிமிர்ந்துவிட்டது. படம் எடுத்து மா பிசைகிறவருக்கு அனுப்பினேன், அவர் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டார். அத்தான் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்ததை அந்த ஐந்து நாளும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு மனைவி கனடாவிலிருந்து போனில் கூப்பிட்டாள். அங்கே விடியற்காலை. கல்யாணச் சேலையைப் பற்றி, ஆட்களைப் பற்றிக் கதைத்துவிட்டு, “அத்தான் என்ன மாதிரி?” என்று கேட்டாள். “நல்லா இருக்கிறார், படுத்திருக்கிறார்,” என்றேன். போனை வைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, நடையில் தொம்மென்று ஒரு சத்தம்.

அத்தான் குசினிக்குத் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார் போலும். நடையின் நடுவில், சுவரோடு சரிந்து, ஒரு கை நீட்டியபடி விழுந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. தோல் காய்ந்து சுட்டது. “அத்தான், அத்தான்” என்று கூப்பிட்டபோது தொண்டைக்குள் ஏதோ முனகினார். மூச்சு இருந்தது.

போன் கையிலேயே இருந்தது. அம்புலன்சுக்கு மூன்று இலக்கம், 112. முதல் இரண்டு ஒன்றையும் அமத்திவிட்டேன். அப்போதுதான் என் தலைக்கு மேலே அந்தக் குழாயைப் பார்த்தேன்.

அம்புலன்ஸ் வந்தால் சத்தம் கேட்டு அக்கா மேலே வருவார். கதவு திறந்திருக்கும். குழாய், மணம், கூடாரம், எல்லாம். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. காலடியில் கிடந்த மனிதர் தோன்றவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

குழாயைக் கழற்றக் கை எட்டவில்லை. குசினியிலிருந்து கதிரையை இழுத்து வந்தேன். நடை ஒடுக்கம். கதிரைக் கால் வைக்கிற இடத்தில் அத்தானின் கை கிடந்தது. அந்தக் கையைத் தூக்கி அவருடைய நெஞ்சில் வைத்துவிட்டு, கதிரையை வைத்து ஏறினேன். இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. கம்பி இறுகியிருந்தது. அதை முறுக்கிக் கழற்றும்போது கீழே அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

குழாயைச் சுருட்டி உள்ளே தள்ளி, கதவைப் பூட்டினேன். பூட்டிய பிறகு விசிறி நினைவு வந்தது. அவருடைய அறையில் ஏன் விசிறி இல்லை என்று எவராவது கேட்டால்? திரும்பத் திறந்து, கூடாரத்துக்குள் கையை விட்டு விசிறியை எடுத்து, அவருக்கு மேலால் கடந்து போய், அவருடைய கட்டிலடியில் வைத்து, சொருகி, மூன்றாம் வேகத்தில் போட்டேன். வெறும் கட்டிலுக்கு அது காற்று வீசியது. பிறகு சாம்பிராணி மூன்று கிண்ணம் கொளுத்தினேன். தீக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. பிறகு வீட்டிலுள்ள எல்லா யன்னலையும் திறந்தேன். ஒரு மாதமாகத் திறக்க மாட்டேன் என்று நின்ற அதே யன்னல்கள்.

அதற்குப் பிறகுதான் 112 அடித்தேன். மனைவியின் அழைப்பு முடிந்ததற்கும் அந்த அழைப்புக்கும் இடையில் பன்னிரண்டு நிமிடம் என்று போன் காட்டுகிறது. விழுந்த சத்தம் கேட்க முன் போன அந்த ஒரு நிமிடத்தைக் கழித்தால் பதினொன்று. மறுமுனையில் இருந்தவர் ஈரத் துவாயை வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

எங்கள் ஆட்கள் சிலர் சொல்வார்கள், சீருடையைக் கண்டால் ஒளிப்பது எங்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம், சோதனைச்சாவடிகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் என்று. நானும் இரண்டொரு நாள் அப்படி என்னைத் தேற்றிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சீருடைக்கு நான் பயப்படவில்லை. கோயிலில் முன்வரிசைக் கதிரை போய்விடும் என்றுதான் பயந்தேன்.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும். பெண் முழங்காலில் இருந்து அத்தானுக்கு ஊசி ஏற்றிக்கொண்டே மூக்கைச் சுருக்கினாள். சாமான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெர்மனில்தான் கேட்டாள், குரலில் ஒரு கோபமும் இல்லை.

“எத்தனை செடி?”

“மூன்று,” என்றேன்.

“மூன்றென்றால் சரிதானே. இந்தக் கூரைக்குக் கீழே அதுகளும் தாங்காது.” இரத்த அழுத்தத்தைப் பார்த்து எதையோ எழுதினாள். “வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது. இரவில் யன்னல் திறப்பதில்லையா? எப்போது விழுந்தார்?”

“இப்பதான்,” என்றேன். “விழுந்த உடனே அடித்தேன்.”

பதினொரு நிமிடமும் எதற்காக ஓடித் திரிந்தேனோ அது அவளுக்குப் பத்து விநாடி விஷயம். அத்தானைத் தூக்கு கதிரையில் இருத்திப் படியால் இறக்கும்போது மூன்றாம் மாடியில் அக்கா கதவைத் திறந்துகொண்டு நின்றார். கையை வாயில் வைத்தபடி, “ஐயோ தம்பி, சாம்பிராணி மணந்தது. பூசை நேரத்திலயோ விழுந்தவர்?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா,” என்றேன்.

அத்தான் பிழைத்தார். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்து, வெக்கையில் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். பல இரவுகளாக உடம்பு ஆறவே இல்லை என்றும் சொன்னார். அந்தப் பதினொரு நிமிடத்தால் ஏதும் வித்தியாசமா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அன்று பின்னேரம் வந்து மூன்று செடிகளையும் வெட்டினேன். பூ பிடித்து, கையில் பிசுக்கென்று ஒட்டும் பருவம். இன்னும் இரண்டு கிழமையில் எடுத்திருக்கலாம் என்று வெட்டும்போதுகூட மனம் கணக்குப் போட்டது. அப்படிப்பட்ட மனம். பையில் கட்டி, எங்கள் கட்டடத்துக் குப்பையில் போடாமல், அக்கா பார்த்துவிடுவார் என்று மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அத்தானுக்குத் தெளிவு வந்திருந்தது. அறையில் நாங்கள் இருவரும்தான். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்.

“நான் விழுந்து கிடக்கேக்க சாம்பிராணி மணந்தது தம்பி. சரி, முடிஞ்சுது, எனக்குக் கிரியை நடக்குது எண்டு நினைச்சன்.”

பழம் பாதி உரித்தபடி கையில் இருந்தது.

“கண்ணைத் திறக்க ஏலேல்லை. ஆனாக் காது கேட்டுது. கதிரை இழுக்கிற சத்தம் கேட்டுது.” இன்னொரு சுளைக்குக் கையை நீட்டினார். “மிளகாய்க் கண்டுகள் என்ன மாதிரி?”

“வெட்டிப்போட்டன் அத்தான்.”

“ஏன் வெட்டினனீ,” என்றார். உண்மையிலேயே மனவருத்தத்தோடு சொன்னார். “பூத்து நிண்ட கண்டெல்லே.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. தாதி சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்தாள், நான் எழும்பி இடம் விட்டேன், அதோடு போய்விட்டது. போக விட்டேன் என்பதுதான் சரி. தாதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

அடுத்த நாள் அத்தானின் மகள் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் வந்தாள். பிள்ளைகளை எவரிடமோ விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு ஓடி வந்திருந்தாள். அப்பாவின் நெற்றியைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். டொக்டரோடு கதைத்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“மாமா, எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தவர் எண்டு டொக்டர் கேட்டவர். ஆருக்கும் வடிவாத் தெரியேல்லையாம். நீங்கள் பாக்கேக்க விழுந்து கன நேரமோ?”

அவளுக்கு ஆறு வயதில் சைக்கிள் ஓடப் பழக்கியவன் நான். என்னிடம் அவள் ஒரு நாளும் பொய்யை எதிர்பார்த்ததில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்க இப்போதும் ஆசையாக இருக்கிறது.

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் கட்டிலிலிருந்து பேசினார்.

“என்ன கேள்வி பிள்ளை? மாமா பக்கத்திலதானே நிண்டவன். நான் விழுந்த சத்தத்தோட ஓடி வந்து, உடன அம்புலன்சுக்கு அடிச்சவன். எனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஸ்டேஷனில் என் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்தபோது எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் பார்த்தார், இதையும் நான் தூக்குகிறேன் நீ நட என்பதுபோல.

மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சொன்னாள்.

“நீங்கள் இல்லாட்டி அப்பா இல்லை மாமா. நீங்கள் உடன அடிச்சபடியால்தான்.”

கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை.

“ஓம் பிள்ளை,” என்றேன்.